சிலுவை மரணத்தின் பொருள்: கிறிஸ்தவர் தம்முட் கொண்ட கொள்கை வேறுபாடுகள்

தோற்றுவாய்

பிறர் மதத்தை மறுக்கப் புகுவோன் முதற்கண் அம்மதத்தை அதனையுடையார் கூறுமாறே கூறிக்காட்டல் வேண்டுமென்பது நம் ஆசிரியன்மார் கைக்கொண்ட நெறி. அருணந்தி சிவாசாரியர் தாம் அருளிய சிவஞானசித்தியார் பரபக்கத்தில், ஒவ்வொரு மதத்திற்கும் அதன் கோளை முன்வைத்து மறுதலையைப் பின்வைத்தமை யாவரும் அறிந்ததே. அதனினும் நுட்பமாவதொன்று ஆண்டு உளது. பௌத்தரை அவர் பொதுப்பட ஒருவராகக் கொண்டு மறுத்தாரல்லர். சௌத்திராந்திகர், யோகாசாரர், மாத்தியமிகர், வைபாடிகர் என நால்வராகப் பிரித்துக்கொண்டே மறுத்தார். ஒருவன் கொள்ளாததனை அவன்மேல் ஏற்றி மறுத்தல் வாதமாகாது, நிழலை வெட்டுதலேயாம் என்பது அவர் கருத்துப் போலும்.

இந்நெறியைக் கற்றிருந்தும் யான் கைக்கொள்ளாது தவறிய இடம் ஒன்றுண்டு. நாற்பதாண்டுகட்கு முன்னர் ஒரூரிற் குருபூசை விழாவில் வினைக்கொள்கையைப்பற்றிப் பேச நேர்ந்தது. அப்பொழுது, "ஒருவன் செய்த குற்றத்திற்கு மற்றொருவனைத் தண்டித்து அதனாற் சினந்தணியும் கடவுளை வணங்குவார் கிறிஸ்தவர்" என்று கூறி அதனைப் பலபடியாக மறுத்தேன். அவையோர் மகிழ்ந்தனர். கூட்டங் கலைந்தபின், கேட்டுக்கொண்டிருந்த முதியவராகிய கிறிஸ்தவத் தமிழாசிரியர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, தாங்கள் மறுத்த கொள்கைக்கு ஓரளவு ஒத்ததொன்றை எங்கள் சபைகளுட் சில கூறுவதுண்டு, அவையும் தாங்கள் கூறிய வண்ணங் கூறுவதில்லை. ஏனைய சபைகள் அதனைக் கூறுவதேயில்லை. தாங்கள் மறுத்தது யாரை?" என்று அமைதியாக வினவினர். யான் விடை அறியாது நின்றேன். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று.

ஆறுமுக நாவலரவர்கள் யாழ்ப்பாணத்திற் பீற்றர் பெர்சிவல் பாதிரியார்க்குத் துணையாக விவிலிய நூலின் மொழிபெயர்ப்பில் உழைத்து, அந்நூலை உள்ளும் புறமும் அறிந்த பின்னரே, 1854-ஆம் ஆண்டிற் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டனர். அவ்வறிவின்றி அவர் வன்மையை மட்டும் பின்பற்றுதல் நமக்கு அழகன்று. ஆதலின், கிறிஸ்து மதத்தை நிறுவுதலும் மறுத்தலும் ஈண்டு நோக்கமல்ல. பிறன்கோட் கூறல் என்னும் உத்தியளவில் நின்று, சிலுவை மரணத்தின் பொருளைக் கிறிஸ்தவர் தாமே எவ்வெவ்வாறு கொண்டனர் என்பதனை முறைப்படக் காட்டுதலே நோக்கமென்க.

நிகழ்ச்சி

உரோமைப் பேரரசின் சார்பாக ஏறத்தாழக் கி.பி. 26 முதல் 36 வரை யூதேயா நாட்டை ஆண்ட பொந்தியு பிலாத்து என்பானது ஆணையால், எருசலேம் நகர்க்குப் புறத்தே, பஸ்காப் பண்டிகையை ஒட்டிய நாளில், இயேசு சிலுவையில் அறையப்பட்டு இறந்தனர். அவ்வாண்டு 30 என்பாரும் 33 என்பாரும் உளர். கிறிஸ்தவரல்லாத உரோமை வரலாற்றாசிரியராகிய தாசித்து என்பவரும், திபேரியு மன்னன் காலத்திற் பிலாத்துவினால் அவர் கொல்லப்பட்டமையைத் தம் நூலிற் குறித்துள்ளார்.

சிலுவைத் தண்டம் அடிமைகட்கும் கலகஞ் செய்தார்க்கும் உரோமையர் விதித்த இழிந்த தண்டம். மரத்தில் தூக்கப்பட்டானைச் சாபத்திற்கு உட்பட்டவனாகக் கருதுவது மோசேயின் நியாயப்பிரமாணம். உரோமையர் நோக்கில் இழிவும் யூதர் நோக்கிற் சாபமுமாகிய ஒரு மரணத்தையே கிறிஸ்தவர் தம் மீட்பின் வாயிலென்று கூறத் துணிந்தனர். இச்செய்தி யூதர்க்கு இடறலாகவும் கிரேக்கர்க்குப் பேதைமையாகவும் தோன்றுதலைப் பவுல் என்பவர் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய நிருபத்தில் தாமே ஒப்புக்கொள்கின்றனர். ஆகவே "இம்மரணத்தின் பொருள் யாது?" என்பது அவர்கட்கு ஓய்வுக்கால ஆராய்ச்சியன்று, அதற்கு விடையின்றேல் அவர் சமயமே இல்லையென்க.

இனி, மரணம் நிகழ்ந்ததென்பதனையே மறுத்தாரும் உளர். இறைத்தன்மையுடையார்க்குத் துன்பம் பொருந்தாதாகலின் கிறிஸ்துவின் உடம்பு வெறுந் தோற்றமேயென்று கூறிய ஒரு சாரார் பண்டை நாளில் இருந்தனர். அந்தியோகியா நகரத்து இஞ்ஞாசியார் 2-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுதிய நிருபங்களில் அவரைக் கண்டித்து, பிறப்பும் பாடும் மரணமும் மெய்யாக நிகழ்ந்தவையென வற்புறுத்தினர். இசுலாமியரது திருக்குரான் நான்காம் அதிகாரமும், அவர் கொல்லப்படவுமில்லை, சிலுவையில் அறையப்படவுமில்லை, அவர்கட்கு அவ்வாறு தோன்றச் செய்யப்பட்டதெனக் கூறும். இறைவன் அவரைத் தன்பால் உயர்த்திக்கொண்டான் என்பது அவர் கோட்பாடு. கிறிஸ்தவ சபைகளோ, தம்முள் எத்துணை வேறுபடினும், மரணம் மெய்யே நிகழ்ந்ததென்பதில் வேறுபட்டில.

பொதுநிலை

அவர் நூலாகிய புதிய ஏற்பாடு இம்மரணத்தைப் பல உவமைகளாற் பேசுகின்றது. மாற்கு எழுதிய சுவிசேடத்தில் இயேசு தம் உயிரைப் பலர்க்காக மீட்கும்பொருளாகக் கொடுத்தற்கு வந்தவராகத் தம்மைக் கூறிக்கொள்கின்றனர். இது சிறைப்பட்டாரையும் அடிமைகளையும் விலைகொடுத்து விடுவிக்கும் வழக்கினின்றும் எடுத்தது. பவுல் அவரைப் பஸ்காவில் அடிக்கப்படும் ஆட்டுக்குட்டியாகவும் கூறுவர். எபிரெயர்க்கு எழுதிய நிருபம் அவரைப் பலியிடும் ஆசாரியராகவும் பலியாகவும் ஒருங்கே கூறும். கொலோசெ நகரத்தார்க்கு எழுதிய நிருபம் நமக்கு மாறாயிருந்த கடன்பத்திரத்தை ஆணியடித்து அழித்ததாக ஒரு தொடரிலும், பகையரசுகளை வென்று ஊர்வலமாக இழுத்துச் சென்றதாக அடுத்த தொடரிலும் கூறும். பேதுருவின் நிருபம் பின்பற்றி நடத்தற்குரிய மாதிரியாகக் காட்டும். இங்ஙனம் சந்தை, கோயில், நீதிமன்றம், போர்க்களம், இல்லம் என்னும் இடங்களினின்றும் உவமைகள் வந்துள. உவமைகள் பலவாயினமையின், எதனை முதலாகக் கொண்டு எதனை அதற்கு அடக்குவது என்னும் வழக்கு எழுதல் இயல்பேயாம்.

உயிர்விடுங்காற் கூறிய சொற்களும் ஒரு படித்தாயில்லை. மாற்கும் மத்தேயுவும், கடவுள் தம்மைக் கைவிட்டதனை முறையிட்டு அவர் கதறினதாக எழுதுவர். லூக்கா, கொல்வாரை மன்னிக்க வேண்டியதும் தம் ஆவியைத் தந்தைபால் ஒப்புவித்ததுமாக எழுதுவர். யோவான், எடுத்த செயல் முற்றிற்றென்று கூறித் தலைசாய்த்ததாக எழுதுவர். கைவிடப்பட்டமையை முதன்மையாகக் கொண்டார் ஒரு கொள்கைக்கும், மன்னிப்பை முதன்மையாகக் கொண்டார் மற்றொன்றற்கும், முற்றுப்பெற்ற வெற்றியை முதன்மையாகக் கொண்டார் வேறொன்றற்கும் சேறற்கு இவ்வேறுபாடே இடந்தந்தது.

கிறிஸ்து யாவர் என்பதுபற்றி அவர் சபைகள் பெருஞ்சங்கங் கூட்டி முடிவுகட்டின. 325-இல் நிசேயாவிலும், 381-இற் கொன்ஸ்தாந்திநோபிளிலும், 451-இற் கல்செதோனிலும் கூடிய சங்கங்கள் அதன்பொருட்டே சொல் ஒவ்வொன்றையும் நிறுத்து ஆராய்ந்தன. ஆயின் அவர் மரணம் எவ்வாறு மீட்கின்றது என்பதுபற்றி, 787 வரை கூடிய ஏழு பொதுச்சங்கங்களுள் ஒன்றேனும் இலக்கணம் வகுத்திலது. நமக்காக அவர் சிலுவையில் அறையப்பட்டார் என்னும் அளவில் அறிக்கை நின்றது. "நமக்காக" என்னும் அவ்வொரு சொல்லின் விரிவே பின்வருங் கொள்கைகளெல்லாம்.

வேறுபாட்டின் மூலம்

கொள்கைகள் பலவாயினும் அவற்றைப் பிரித்தறிதற்கு நம்மிடத்தே ஒரு கருவியுண்டு. பதி, பசு, பாசம் என்னும் மூன்றனுள் அம்மரணம் எதன்மேற் செல்லுகின்றது என வினவுக. பாசத்தின்மேற் சென்று அதனை அறுத்ததென்பார் ஒரு சாரார். பதியின்மேற் சென்று, பதிக்குச் செலுத்தற்குரியதனைச் செலுத்திற்றென்பார் மற்றொரு சாரார். பசுவின்மேற் சென்று அதன் உள்ளத்தைத் திருப்பிற்றென்பார் பிறிதொரு சாரார். இப்பகுப்பு நம் அளவுகோலேயன்றி அவர் இட்ட பெயரன்று. ஆயினும் சுவீடன் நாட்டு இறைநூற் பேராசிரியராகிய குஸ்தாவு ஔலேன் என்பவர் 1930-இல் இக்கொள்கைகளை மூவகைப்படுத்தியதும் ஏறத்தாழ இம்முறையையே ஒத்துளது.

இன்னும் ஒன்று கருதத்தக்கது. கட்டினை எத்தன்மைத்தென்று கொண்டனரோ, அதற்கேற்பவே வீட்டினையும் கொண்டனர். கட்டினைச் சிறையென்றார்க்கு வீடு விடுதலையாயிற்று, கடனென்றார்க்குச் செலுத்தலாயிற்று, குற்றமென்றார்க்குத் தண்டநீக்கமாயிற்று, நோயென்றார்க்குக் குணமாயிற்று, உள்ளத்தின் வன்மையென்றார்க்கு அன்பு பிறத்தலாயிற்று. இதனை உளங்கொண்டு படிப்பார்க்குப் பின்வருவன மயக்கந் தாரா.

பாசத்தின்மேற் செல்வதென்பார்

முதல் ஆயிரம் ஆண்டுகளிற் பெருவழக்காயிருந்தது இது. 2-ஆம் நூற்றாண்டிற் காலியா நாட்டு லியோன் நகரில் அத்தியட்சராயிருந்த ஐரேனியார், முதல் மனிதனாகிய ஆதாம் கீழ்ப்படியாமையாற் கெடுத்த வழியை, கிறிஸ்து பிறப்பு முதல் இறப்பு ஈறாகத் தாம் மீள நடந்து செப்பஞ் செய்தனர் என்றார். மரத்தின் கனியால் வந்த கேடு சிலுவை மரத்தால் நீங்கிற்றென்பது அவர் கருத்து. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவினராகிய அத்தனாசியார், மனிதரைப் பற்றிய அழிவையே கட்டாகக் கொண்டார். அழியாத வார்த்தையானவர் அழியும் உடம்பையெடுத்து மரணத்தினுட் புகுதலால், இருளறையில் விளக்குப் புகுந்தாற்போல மரணம் தன் வலியிழந்தது. அதனால் மனிதர் தெய்வத்தன்மையிற் பங்குபெறுவர் என்பது அவர் கோள். இஃது இன்றும் கிரேக்க, உருசிய சபைகளாகிய கீழைத் திருச்சபைகளின் உயிர்நிலையாயிருக்கின்றது. அவர் சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பிரித்து எண்ணார். வெள்ளிக்கிழமையின் துயரம் ஞாயிற்றுக்கிழமையின் வெற்றியோடு ஒன்றாகவே அவர் வழிபாட்டில் நிற்கும்.

இனி, விலையென்னும் உவமையைப் பற்றிக்கொண்டார், "விலை கொடுத்தாரெனின் யார்க்குக் கொடுத்தனர்?" என்னும் வினாவிற்கு ஆளாயினர். ஒரிகன் என்பவர் 3-ஆம் நூற்றாண்டில், உயிர்களைச் சிறைப்படுத்திய சாத்தானுக்கென்றே கூறினர். நிசா நகரத்துக் கிரெகோரியார் அதனை விரித்து, மனிதவுடம்பென்னும் இரையினுள் தெய்வத்தன்மையென்னுந் தூண்டில் மறைந்திருந்ததென்றும், இரையை விழுங்கிய சாத்தான் தூண்டிலிற் பட்டானென்றும் உவமித்தனர். அவர்தம் நண்பராகிய நசியான்சு நகரத்துக் கிரெகோரியாரோ இதனைக் கடிந்தார். கள்வனுக்குக் கடவுள் விலைகொடுத்தல் இழிவு. தந்தைக்குக் கொடுத்ததெனின், நம்மைச் சிறைவைத்தவர் தந்தையல்லரே. ஆபிரகாம் தன் மகனைப் பலியிடப் புக்கபோது அதனை ஏலாத கடவுள் தம் மைந்தன் குருதியில் மகிழ்வரோ என வினவினர். மகிழ்வதற்காகவன்றி, மனிதரைத் தூய்மைசெய்தற்பொருட்டே தந்தை அதனை ஏற்றனர் என்பது அவர் முடிபு. யான் அன்று அவையில் எழுப்பிய தடையை அவர் சபைத் தந்தையொருவரே ஆயிரத்தறுநூறு ஆண்டுகட்கு முன் எழுப்பியிருந்தனர் என்பதனைப் பிற்காலத்திற் படித்தபோது எனக்கு நாணமுண்டாயிற்று.

பதியின்மேற் செல்வதென்பார்

மேலை நாட்டில் இவ்வாராய்ச்சியை வேறு திசையில் திருப்பியவர் கன்ரர்பரி நகரத்துப் பேராயராகிய அன்செல்மர். அரசனோடு மாறுபட்டு நாடுகடந்திருந்த காலத்தில், 1098-இல், "கடவுள் மனிதரானது ஏன்?" என்னும் பொருளுடைய பெயரால் ஒரு நூலை ஆசிரியனும் மாணாக்கனும் உரையாடும் முறையில் எழுதி முடித்தனர். சாத்தானுக்கு மனிதர்மேல் உரிமையில்லை, ஆதலின் அவனுக்குச் செலுத்தற்குரியதும் இல்லை என்று பண்டைக் கோளை முதற்கண் விலக்கினர். பாவமாவது கடவுட்குச் செலுத்தற்குரிய மேன்மையைச் செலுத்தாமை. அதற்கு ஈடு செய்தல் வேண்டும், அல்லது தண்டம் எய்தல் வேண்டும். ஈடுசெய்யக் கடமைப்பட்டவன் மனிதன். செய்ய வல்லவர் கடவுள் ஒருவரே. ஆகலின் இருதன்மையும் உடையார் ஒருவர் வேண்டப்பட்டார். அவர் பாவமில்லாதவராதலின் இறக்கக் கடமைப்படாதவர். கடமைப்படாத அம்மரணத்தைத் தாமே மனமுவந்து அளித்தமையின், அது கடனுக்கு மிஞ்சிய ஈடாயிற்று. இஃது அவர் வாதம்.

ஈண்டு ஒரு நுட்பம் நோக்குக. அன்செல்மர் கூறியது ஈடேயன்றித் தண்டமன்று. ஈடும் தண்டமும் ஒன்றுக்கொன்று மாற்றாவன. ஈடு செய்யப்பட்டவிடத்துத் தண்டம் இல்லை. கிறிஸ்து நமக்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதனை அவர்மேல் ஏற்றுவார் அவர் நூலைக் கல்லாதார்.

தோமா அக்குவினார் 13-ஆம் நூற்றாண்டில் எழுதிய பெருந்தொகை நூலில், அம்மரணம் புண்ணியமாகவும் ஈடாகவும் பலியாகவும் மீட்பாகவும் பயன்றரு காரணமாகவும் பலவாற்றானும் உதவுமெனத் தொகுத்துரைத்தார். கடவுள் விரும்பின் வேறு வழியாலும் மீட்டிருக்கலாம், ஆயினும் இதுவே மிகப் பொருத்தமான வழி என்றமையின், அன்செல்மர் கூறிய இன்றியமையாமையை அவர் தளர்த்தினார். கத்தோலிக்க சபை பெரும்பாலும் இவர்வழி நிற்கும். திரெந்து நகரிற் கூடிய சங்கம் 1562-இல், சிலுவையில் ஒருமுறை நிகழ்ந்த பலியே பூசையில் குருதியின்றி நிகழ்விக்கப்படுகின்றதென முடிவுசெய்தது. சீர்திருத்த சபையார், ஒருமுறை முற்றிய பலிக்கு மறுநிகழ்வு வேண்டாவென்று இதனை மறுப்பர்.

தண்டமென்னுங் கொள்கை தெளிந்த வடிவம் பெற்றது 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தத்தில். லூதர் கலாத்தியர் நிருபத்திற்கு எழுதிய விரிவுரையில், உலகத்தார் பாவமனைத்தையும் தம்மேற் கொண்டு கிறிஸ்து சாபமானார் என்றார். அவரே மரணமும் சாத்தானும் தோற்றோடிய வெற்றியையும் அதனோடு பாடுவர். வழக்கறிவு முறையாகக் கற்ற கால்வின் 1536-இல் முதலில் வெளியிட்டு 1559-இல் இறுதியாக விரித்த நூலில், பிலாத்துவின் நீதிமன்றத்தையே உட்பொருளாகக் கொண்டு, குற்றமற்றவர் குற்றவாளியாக நிறுத்தப்பட்டு நமக்குரிய தீர்ப்பை ஏற்றார் என விளக்கினர். ஆயினும் சினந்திருந்த கடவுள் இம்மரணத்தால் அன்புடையராயினார் என்று அவர் கூறிலர். கடவுள் முன்னரே அன்புடையராயிருந்தமையாலேயே மைந்தனை அளித்தார் என அகுஸ்தீனார் சொல்லைத் துணைக்கொண்டு தெளிவித்தார்.

இக்கொள்கையை உள்ளிருந்தே தாக்கியவர் இத்தாலியராகிய பவுஸ்து சொசீனர். 1594-இல் அச்சேறிய அவர் நூலின் வாதம் கூரியது. கடன் செலுத்தப்பட்டதெனின் மன்னிப்பு என்பது இல்லை. மன்னிக்கப்பட்டதெனின் செலுத்தல் வேண்டா. பொருட்கடனை ஒருவற்காக மற்றொருவன் செலுத்தலாம். தண்டமோ செய்தானையன்றிப் பிறனைச் சாராது. இதற்கு விடையாக டச்சு நாட்டுச் சட்டவறிஞர் குரோசியர் 1617-இல், கடவுளைக் கடன்கொடுத்தவராகவன்றி உலகாளும் அரசராகக் கொள்க என்றார். சட்டத்தின் மதிப்புக் கெடாதவாறு மன்னித்தற்பொருட்டு இம்மரணம் ஒரு காட்டாக நிகழ்ந்ததென்பது அவர் கருத்து.

அம்மரணம் யாவர்க்காக என்பதிலும் பிணக்கு உண்டாயிற்று. 1618–1619-இல் தோர்து நகரிற் கூடிய சங்கம், அது யாவர்க்கும் போதியதாயினும் தேர்ந்துகொள்ளப்பட்டார்க்கே பயன்படுவதென்றது. அர்மீனியர் வழியினரும், பின்னர் வந்த வெஸ்லியும் அது யாவர்க்குமென்றனர். இப்பிணக்குச் சொல்லளவில் நில்லாது மக்கள் வாழ்க்கையையும் தொட்டது. ஸ்கொத்லாந்து நாட்டு யோன் மக்ளியோட் கம்பெல் என்னும் போதகர், கிறிஸ்து எல்லார்க்காகவும் இறந்தாரெனப் போதித்தமையால் 1831-இற் பதவி நீக்கப்பட்டார். அவர் 1856-இல் வெளியிட்ட நூலில், தண்டமென்பதனை விடுத்து, மனிதர்சார்பிற் கிறிஸ்து கடவுளின்முன் செய்த நிறைந்த பாவ அறிக்கையே அவர் பாடென விளக்கினர்.

பசுவின்மேற் செல்வதென்பார்

அன்செல்மர்க்கு அடுத்த தலைமுறையினராகிய பீற்றர் அபெலார்து, உரோமர் நிருபத்திற்கு எழுதிய உரையில், குற்றமற்றவன் குருதியை விலையாகக் கேட்டலும், தம் மைந்தன் மரணத்தால் கடவுள் உலகோடு ஒப்புரவாதலும் கொடுமையாகத் தோன்றுமே என வினவினர். கிறிஸ்து நமது இயல்பையெடுத்து இறப்புவரை அன்பு செலுத்தியமையால், நம் உள்ளத்தே அன்பு மூண்டெழுந்து, அடிமையச்சம் நீங்கி, மக்கட்குரிய உரிமை பிறக்கின்றது. அதுவே மீட்பு என்பது அவர் கோள். கிளேர்வோ நகரத்துப் பெர்னார்து இதனைக் கடுமையாக எதிர்த்தார். அன்பின் காட்டு மாத்திரையே மீட்பாமெனின், ஆசிரியன் ஒருவனே போதும், மீட்பன் வேண்டா என்பது அவர் தடையின் சாரம். சொசீனரும், 19-ஆம் நூற்றாண்டின் புதுக்கொள்கையினர் பலரும் அபெலார்துவின் வழியைச் சார்ந்தனர்.

அண்மைக்காலத்தார் இம்மரணத்தைத் துன்புறுவார் பக்கலில் நின்றும் நோக்குவர். போர்க்கைதியாயிருந்து மீண்ட செர்மானியராகிய யூர்கன் மோல்த்மன் 1972-இல் வெளியிட்ட நூலில், கைவிடப்பட்டாருடைய துன்பத்தைக் கடவுள் தம்முள் ஏற்றதே சிலுவையென்றார். அமெரிக்க நாட்டுக் கறுப்பின இறைநூலாசிரியர் யேம்சு கோன் 2011-இல் வெளியிட்ட நூலில், தம் இனத்தார் வழக்கின்றி மரங்களில் தூக்கிக் கொல்லப்பட்ட கொடுமையோடு சிலுவையை ஒருங்கு வைத்துக் காட்டினர். அவர்க்குச் சிலுவை, கொல்லப்பட்டார் பக்கலிற் கடவுள் நின்றார் என்பதற்குச் சான்றாம்.

தடை விடை

அற்றேல், ஒரு செய்திக்கு இத்தனை பொருள் கூறுவார் ஒரு மதத்தினராதல் எங்ஙனமெனின், கூறுதும். முத்தியின் இயல்பும் அதனை எய்தும் நெறியும் பற்றிச் சைவரகத்தேயே கோள்கள் வேறுபட்டமையையும், அவற்றைத் தீர்த்தற்கன்றே உமாபதி சிவாசாரியர் சங்கற்ப நிராகரணம் அருளிச்செய்ததையும் அறிவார் இங்ஙனங் கடாவார். உயிர்நிலை ஒன்றாகவும் விளக்கம் பலவாகவும் இருத்தல் எம்மதத்திற்கும் பொதுவே.

இனி, ஒருவன் வினையை மற்றொருவன் நுகர்தல் கூடாமையின், சிலுவைக்கொள்கை முழுவதும் வீழ்ந்ததெனின், அற்றன்று. அத்தடை தண்டமென்னும் ஒரு கொள்கைக்கே நேர்படும். அதுவும் சொசீனர் முன்னரே கூறியதே. அதற்கு அவர் கூறும் விடை, கிறிஸ்து நமக்கு அயலாரல்லர், தலையும் உறுப்பும்போல நம்மோடு ஒன்றினார் என்பது. அவ்விடையை ஆராய்ந்து மறுப்பின் மறுக்க. ஆராயாது விடுத்தல் முறையன்று. அன்றியும், வினை நுகர்ந்தே தீரும், வேறு வாயிலாற் கழியாதென்று நாமும் கொண்டோமல்லேம். சஞ்சிதம் ஆசிரியன் செய்யுந் தீக்கையாற் கெடும், பிராரத்தம் உடலூழாய் நுகர்ச்சியிற் கழியும், ஆகாமியம் ஞானத்தால் ஏறாதொழியும் என்பதன்றோ நம் துணிபு? அருளால் வினை கெடுதல் நமக்கும் உடன்பாடே. ஆயின் ஆசிரியன் மாணாக்கன் வினையைத் தான் ஏற்று நுகர்ந்து கெடுப்பானல்லன். இறைவன் அவனை இடமாகக் கொண்டு அருளாற் கெடுப்பன். இவ்வளவில் வேற்றுமை காண்க.

மற்றொரு சாரார், நஞ்சுண்டு தேவரைக் காத்த நீலகண்டமும் சிலுவையும் ஒன்றேயென்று எளிதிற் கூறிவிடுவர். பிறர்பொருட்டுத் தீங்கை ஏற்றல் என்னும் அளவில் ஒப்பு உண்டு. ஆயின் நஞ்சு இறைவனை ஒன்றுஞ் செய்திலதென்பது அவ்வரலாற்றின் உயிர். மரணம் மெய்யே நிகழ்ந்ததென்பது இவ்வரலாற்றின் உயிர். ஆராயாது மறுத்தலும் ஆராயாது ஒன்றுபடுத்தலும் ஒருதன்மைய குற்றங்களே.

அங்ஙனமாயின் மெய்யாக மாறுபடும் இடம் யாதெனின், மூன்று கூறலாம். நம் துணிபில் ஆணவமலம் உயிரை அநாதியே பற்றியது. அவர் துணிபிற் பாவம் காலத்தே தொடங்கிற்று. தொடக்கமுடையதற்கு ஒரு காலத்து ஓரிடத்து நிகழ்ந்த தீர்வு பொருந்துவதாக அவர்க்குத் தோன்றுதல் இயல்பு. தொடக்கமில்லாததற்கு என்றும் நிகழும் ஐந்தொழிலே தீர்வாக நமக்குத் தோன்றுதலும் இயல்பு. நம் துணிபில் உயிர் பல பிறவிகளிற் பக்குவமுறும். அவர்க்குப் பிறவி ஒன்றே. நம் துணிபிற் சிவபெருமான் கருவாய்ப்பட்டுப் பிறத்தலும் இறத்தலும் இலன், குருவடிவாய் எழுந்தருளுதலே உண்டு. அவர்க்கோ இறைவன் உடம்பெடுத்து இறந்தமையே அருளின் எல்லை. ஆணவத்தின் அநாதித்தன்மை, பிறவிப் பன்மை, இறைவனது பிறப்பின்மை என்னும் இம்மூன்றிலுமே வாதம் நிகழ்தற்குரியது. சினந்தணிய மகனைக் கொன்ற தந்தை என்னுங் கூற்றில் வாதிப்பார், தம் எதிரில் யாரும் இல்லாத களத்திற் போர்செய்வாரேயாவர்.

முடிபு

இதுகாறுங் கூறியவாற்றால், சிலுவை மரணம் நிகழ்ந்ததென்பதில் கிறிஸ்தவர் யாவரும் ஒத்தாரென்பதும், அது நமக்காக என்பதிலும் ஒத்தாரென்பதும், "நமக்காக" என்பது பாசத்தை அறுத்தலோ பதிக்கு ஈடளித்தலோ பசுவைத் திருப்புதலோ என்பதில் வேறுபட்டாரென்பதும், அவ்வேறுபாட்டிற்குக் கட்டினைப்பற்றிய கருத்து வேறுபாடே மூலமென்பதும் பெறப்பட்டன.

என்னை வினவிய முதியவர் இன்றில்லை. "தாங்கள் மறுத்தது யாரை?" என்றதற்கு அன்று விடை கூறியிருப்பின், "ஒருவரையும் மறுத்திலேன்" என்பதே உண்மையாயிருக்கும். மடாலயங்களிற் சாத்திரம் பயிலும் இளைஞர்க்கு யான் வேண்டிக்கொள்வது இவ்வொன்றே. பரபக்கம் ஓதும்பொழுது மறுதலைப் பகுதியை மனனஞ் செய்தற்குமுன், கோள் கூறும் பகுதியை, அதனையுடையான் ஒருவன் அருகிருந்து கேட்டு "ஆம், யாம் கூறுவது இதுவே" என்று தலையசைக்குமளவு கூறப் பழகுக. அங்ஙனம் கூறவல்லான் மறுப்பின் அம்மறுப்பு நிற்கும்; மறாதொழியினும் அவன் கல்வி நிற்கும்.

திருச்சிற்றம்பலம்.